ஆற்றுக் கரண்டில் சுற்றிய தட்டுகள்

நேற்று நம் மகள் பாப்பா ஈப்போவிலிருந்து வந்தவள் சும்மா இருக்காமல், கட்டிலுக்கடியில் கிடந்த தேயிலைப் பெட்டியை இழுத்து வெளியே போட்டாள். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் எழும்பி வந்தது. பாதி தேயிலைத் தூள், பாதி பூசணம். பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயக் காகிதம் அங்கங்கே உரிந்து தொங்குகிறது. உள்ளே உங்கள் இசைத்தட்டுகள், நீங்கள் அடுக்கி வைத்த வரிசையிலேயே இருக்கின்றன. அட்டைகளின் ஓரமெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கேட்பதற்கு மிஷினும் இல்லை, இதை எதற்கு வைத்துக்கொண்டு, தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லக்கூட எனக்கு அலுப்பாக இருந்தது. பழையபடி உள்ளே தள்ளு என்று கையை மட்டும் காட்டினேன்.

இன்று காலையில் அவள் புறப்பட்டுப் போய்விட்டாள். ரிங்லெட்டில் நாம் கடைசியாகக் குடிவந்த இந்த வீட்டில் அந்த வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே அலுப்புதான். மாத்திரை விழுங்குவது அலுப்பு, துணி மடிப்பது அலுப்பு, நல்லா இருக்கீங்களா என்று கேட்கிறவர்களிடம் நல்லா இருக்கேன் என்று சொல்வது அதைவிட அலுப்பு. உங்களோடு பேசுவது ஒன்றுதான் இன்னும் சலிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெட்டி வந்த சமயம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் நடுவில், பாப்பா தவழ்ந்துகொண்டிருந்த காலம். தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத்துரை வேலையை விட்டுவிட்டுச் சொந்த நாட்டுக்கே திரும்பிப் போகிறார், பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார் என்று நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. நீங்கள் தோட்டத்துக் கரண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவர். ஆற்றை மறித்து, தண்ணீரைக் குழாயில் இறக்கி, அது சுற்றும் சக்கரத்திலிருந்து கரண்டு எடுத்து ஆலைக்கும் பங்களாக்களுக்கும் லயத்துக்கும் அனுப்புவது உங்கள் வேலை. பங்களாவில் எது பழுதானாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் சின்னத்துரை உங்களுக்கு நல்ல சாமானாகத்தான் கொடுப்பார் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அவர் வீட்டம்மா வைத்திருந்த தையல் மிஷின் மேல் எனக்கு ஒரு கண்.

நீங்கள் வந்தீர்கள். தலையில் ஒரு தேயிலைப் பெட்டி, பின்னால் ஓர் ஆள் தலையில் தட்டு சுற்றும் மிஷினும் ஒரு சத்தப் பெட்டியும். தையல் மிஷினை வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஒருவரின் பெண்டாட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டாளாம். நான் அன்றைக்கு உங்களுக்குச் சோறு போட்ட விதத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பெட்டியைப் பிரித்தபோது இன்னும் கடுப்பு. நமக்குத் தெரிந்த இசைத்தட்டு என்றால் அட்டையில் ஒரு மூஞ்சி இருக்க வேண்டும். கதாநாயகன் சிரிப்பான், கதாநாயகி கண்ணைச் சாய்ப்பாள், அதைப் பார்த்தே இது அழுகைப் பாட்டா ஆட்டப் பாட்டா என்று சொல்லிவிடலாம். இதில் ஒரு மூஞ்சி கிடையாது. ஒன்றில் ஒரு காலி வயலும் நடுவில் தனியாக ஒரு கதவும். இன்னொன்றில் வெறும் நீல நிறம். எழுத்து இங்கிலீஷ்கூட இல்லை, எந்த நாட்டு எழுத்தோ. நீங்கள் கதவு போட்ட தட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துச் சுற்ற விட்டீர்கள். தூரத்தில் எங்கோ ஒரு சத்தம் கிளம்பி, வந்துகொண்டே இருந்தது. நான் வெங்காயம் உரித்து முடித்தேன். அது இன்னும் வந்து சேரவில்லை.

"பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு லா" என்றீர்கள்.

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாகவே, "ரேடியோ கெட்டு ரோசாக் ஆயிருச்சா, ஒரே ஊளையா இருக்கு" என்று விசாரித்தார். மறுநாள் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் கூடும்போது, கரண்டு வீட்டுக்காரர் துரைத்தனமாகப் பேய்ப் பாட்டு கேட்கிறார் என்று கண் காது மூக்கு வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மானம் போனது. கூடையை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட்டேன்.

எனக்கு அது எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றுதான் நினைக்கிறேன். அந்த வாரம் முழுக்க மழை. நனைந்த கூடையைத் தூக்கித் தூக்கித் தோளெல்லாம் ரணம். பாப்பாவைத் தூங்க வைத்துவிட்டு வெறுந்தரையில் படுத்திருந்தேன். நீங்கள் நீலத் தட்டைப் போட்டிருந்தீர்கள். அதில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு சத்தம் வந்தது, நின்றது, இன்னொன்று வந்து அதன்மேல் படிந்தது. சினிமாப் பாட்டு என்றால் நம்மிடம் ஏதாவது கேட்கும். அழச் சொல்லும், ஆசைப்படச் சொல்லும், பழசை நினைக்கச் சொல்லும். அன்றைக்கு என் உடம்பில் எதற்கும் தெம்பு இல்லை. இந்தத் தட்டு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் பாட்டுக்குக் கிடந்தேன், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. முடிந்ததும், திருப்பிப் போடுங்கள் என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வையில் கெலித்துவிட்ட களிப்பு இருந்தது.

அப்புறம் நாமே பெயர் வைக்க ஆரம்பித்தோம். அட்டையில் இருப்பதைப் படிக்கத் தெரியாதபோது வேறு என்ன செய்வது? நீலத் தட்டுக்குப் பனித் தட்டு என்று பெயர். மேட்டில் பனி இறங்குவதும் விலகுவதும்தான் அதில் இருக்கிறது என்றீர்கள். மிஷின்களை வைத்தே வாசித்தது ஒன்று, ஒரே தாளம் விடாமல் ஓடும். அது ரோலர் தட்டு, ஆலையில் கொழுந்து உருட்டுகிற மிஷினின் தம்பி. கதவு போட்டதற்கு நான் வைத்த பெயர் பாகப்பிரிவினைத் தட்டு. கித்தாரும் ஆர்கனும் மேளமும் முதலில் ஒற்றுமையாக இருக்கும், நடுவில் ஆளுக்கொரு பக்கம் சண்டை போட்டுக்கொண்டு பிரியும், கடைசியில் எல்லாம் ஒரே வீட்டுக்குத் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருகிற இடத்தில் நீங்கள் எப்போதும் தலையை ஒரு தரம் ஆட்டுவீர்கள்.

சின்னத்துரையின் தட்டுகள் பழகிப்போன பிறகு நீங்களே தேட ஆரம்பித்தீர்கள். கரண்டு வீட்டுக்கு பேரிங்கும் கம்பியும் வாங்கத் தோட்டத்து லோரியில் ஈப்போவுக்குப் போவீர்கள். அங்கே ஒரு சந்துக்குள், நாட்டைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்கள் விட்டுச்சென்ற சாமான்களை விற்கிற சீனத் தவுக்கே ஒருவர். அவரிடம் உங்களுக்குக் கேட்கத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், மூஞ்சி இல்லாத தட்டு கொடு. அந்த வழியில் நமக்கு எத்தனையோ நல்லது கிடைத்தது. ஒரு தடவை கிடைத்தது, யாரோ ஒரு பாதிரியார் இரண்டு பக்கமும் செய்த பிரசங்கம். அதையும் நீங்கள் கடைசி வரைக்கும் கேட்டீர்கள், ஒருவேளை பின்னால் ஆர்கன் வரும் என்று.

நானும் ஒரு தீபாவளிக்கு முன்னால் துணி எடுக்க உங்களோடு வந்திருந்தேன். தவுக்கே ஒரு தட்டைத் தன் மிஷினில் போட்டுக் காட்டினார். நீங்கள் முகத்தைச் சுளித்தீர்கள். நம்மிடம் உள்ள அதே பனித் தட்டுக்காரர்களின் இன்னொரு தட்டு, ஆனால் ஏதோ அவசரமாக ஓடுகிறது. "தவுக்கே, உங்க மிஷின் ஓட்டம் ஜாஸ்தி. பெல்ட்டைப் பாருங்க" என்று சொன்னதோடு நிற்காமல், கழற்றிச் சரிபண்ணித் தரட்டுமா என்றும் கேட்டீர்கள். அவர் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேண்டாம் அண்ணே, இப்படியே இருக்கட்டும் என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து நம் மிஷினில் போட்டதும் அது நிதானமாக, கனமாக ஓடியது. பார்த்தியா, டவுன்காரனுக்கு ஒரு தட்டைச் சரியாச் சுத்தத் தெரியல என்று நீங்கள் பெருமைப்பட்டுக்கொண்டீர்கள். நானும் ஆமாம் போட்டேன்.

இதற்கிடையில் நீங்கள் சினிமாப் பாட்டு கேட்பதை விட்டுவிட்டிருந்தீர்கள். கல்யாணமான புதிதில் ரேடியோவில் ஒரு பெண் குரல் எடுத்தால் போதும், வேலையை விட்டுவிட்டு நிற்கிற ஆள். இப்போது ரேடியோவை நான் திருப்பினால், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு என்று எழுந்து போனீர்கள். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுப்படியிலிருந்து கத்தினால், தொண்டைத் தண்ணி வற்றினதுதான் மிச்சம். பாப்பா வந்து உங்கள் கைலியைப் பிடித்து இழுத்தால்தான் குனிவீர்கள். துரை கொடுத்த தட்டைக் கேட்டுக் கேட்டு நீங்களும் துரையாகிவிட்டீர்கள் என்று லயத்தில் கேலி செய்தார்கள். அவர்கள் சொன்னது எனக்கு உறைக்கவில்லை. என்மேல் உங்களுக்கு இருந்த பிரியம் வடிந்துபோய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். கொழுந்து பறிக்கும்போது அதையே நினைத்து அழுதிருக்கிறேன். செடிகளுக்கு நடுவில் யார் பார்க்கப் போகிறார்கள்?

அந்த வருஷத்து மாரியம்மன் திருவிழாவில் உண்மை தெரிந்தது. மைக் செட் எப்போதும் உங்கள் பொறுப்பு. பால்குடம் மேட்டு லயத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த காலை நேரம். கோயில் வாசலில் மைக்கை யாரோ ஸ்பீக்கருக்கு நேராகத் திருப்பி வைத்துவிட்டார்கள். கீச்சென்று ஒரு கூவல் கிளம்பியது. காதைத் துளைக்கிற கூவல். பால்குடம் சுமந்த பெண்கள் முகத்தைச் சுருக்கினார்கள், குழந்தைகள் அழுதன, பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைப் பொத்தினார். எல்லாரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் அந்த ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பால்குடம் வருகிற அழகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

ஒரு பையன் ஓடிவந்து வயரைப் பிடுங்கினான். ஜனங்கள் சிரித்தார்கள், சாமி பார்த்த மயக்கம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் காதைப் பொத்திய சத்தம் உங்களை மட்டும் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டில் உங்கள் எதிரில் உட்கார்ந்து கேட்டேன். நீங்கள் முதலில் மழுப்பினீர்கள். பிறகு சொன்னீர்கள். "பொம்பளக் குரல் எல்லாம் தண்ணிக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. வாய் அசையுது, சத்தம் வரல. அந்தத் தட்டுல மட்டுந்தான் கனமான அடிச் சத்தம் இருக்கு. அது மட்டுந்தான் எனக்கு முழுசா வருது." எத்தனை வருஷமாக என்று கேட்டேன். கரண்டு வீட்டுச் சக்கரம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது, எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்றீர்கள். கடைசியில், தலையைக் குனிந்துகொண்டு, "பாப்பா பாடுறான்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிப் பாடுறா?" என்று கேட்டீர்கள்.

நன்றாகப் பாடுகிறாள் என்று சொன்னேன். அதை நான் கத்தித்தான் சொன்னேன், உங்களுக்குக் கேட்டிருக்காது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

வேலைக்கு ஆபத்து வராமல் நீங்களே வழி கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆலையில் மிஷின் போடுவதற்கு முன்னால் கரண்டு வீட்டுக்கு மணி அடிப்பார்கள். மழைச் சத்தத்தில் மணி கேட்பதில்லை என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணியிடம் சொல்லி, மணியோடு ஒரு சிவப்பு பல்பையும் மாட்டிக்கொண்டீர்கள். நல்ல யோசனை என்று கிராணி பாராட்டினாராம். ஆக, காது போனது நமக்கு மட்டும் தெரிந்த சங்கதியாக இருந்தது. மனிதர்களின் பேச்சை நீங்கள் உதட்டைப் பார்த்துச் சமாளித்தீர்கள். உண்மையிலேயே காதால் கேட்பதற்கு உங்களுக்கு மிச்சமிருந்தது அந்தத் தட்டுகள் மட்டும்தான். அதன்பிறகு நான் ரேடியோவைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலாக என்ன சொன்னாலும் பதில் பேசவில்லை. உங்களுக்கு மிச்சமிருந்ததை யாரும் பறிக்கக் கூடாது என்பது ஒன்றுதான் என் கவலை.

பறிக்க வந்தது அரசாங்கக் கரண்டு. எண்பதுகளின் நடுவில் மலைமேல் கம்பம் நட்டுக்கொண்டே வந்து நம் தோட்டத்துக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். முதல் நாள் விளக்குகள் கண்ணைக் கூச வைத்தன. லயத்தில் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆற்றங்கரைக் கரண்டு வீட்டைப் பூட்டிவிட்டார்கள், உங்களை ஆலையில் பழுது பார்க்கிற வேலைக்கு மாற்றினார்கள். சக்கரச் சத்தம் இல்லாத இடம், காதுக்காவது நல்லது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பனித் தட்டைப் போட்டீர்கள். போட்ட கையோடு மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள். எனக்கும் கேட்டது. பனி இறங்கவில்லை. யாரோ துரத்துகிறார்கள் என்று ஓடியது. சத்தம் மேலே ஏறி, இளைத்துப்போயிருந்தது. தட்டு தேய்ந்துவிட்டது என்றீர்கள். பாகப்பிரிவினைத் தட்டைப் போட்டீர்கள், ரோலர் தட்டைப் போட்டீர்கள். எல்லாம் அதே கதி. அடியில் இருந்த கனத்தைக் காணோம், உங்களுக்குப் பாதி இடங்களில் வெறும் அமைதிதான் வந்தது. மிஷினைக் கழற்றி எண்ணெய் போட்டீர்கள், பெல்ட்டை மாற்றினீர்கள். பிறகு சட்டென்று ஏதோ தோன்றி, எழுந்து போய், உங்களிடமே இருந்த சாவியால் கரண்டு வீட்டைத் திறந்தீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன்.

சுவரில் இருந்த பழைய மீட்டர் முன்னால் நின்றீர்கள். உங்களுக்கு முன்னால் அந்த வேலை பார்த்தவர், அவருக்கு முன்னால் பார்த்தவர், எல்லாரும் அந்த முள் காட்டிய இடத்தை நம்பித்தான் சக்கரத்தை ஓட்டினார்கள். நீங்களும் ஒருநாள்கூட முள்ளை நகர விட்டதில்லை. அரசாங்கக் கரண்டுக்கும் அதே கணக்குதான், ஆனாலும் தட்டு வேகமாக ஓடுகிறது என்றால் அந்த மீட்டரே தப்பு. எத்தனையோ காலமாக நம் தோட்டத்துக் கரண்டு மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது. பல்புக்கு அதனால் ஒன்றுமில்லை, ஆலை மிஷினுக்கும் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. தட்டு சுற்றும் மிஷின் மட்டும் கரண்டின் வேகத்துக்கே சுற்றும். தவுக்கேயின் மிஷின் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நீங்கள் அந்தக் குளிர்ந்த சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். "அப்ப இத்தனை நாளா நான் கேட்டது அவங்க வாசிச்சதே இல்ல" என்றீர்கள். "நம்ம ஆத்துத் தண்ணியத்தான் கேட்டிருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உங்களுக்கு இரண்டும் வரவில்லை. வீட்டுக்கு வந்து தட்டுகளைப் பெட்டியில் அடுக்கி மூடியைப் போட்டீர்கள். அதன்பிறகு வந்த வாரங்கள் இருக்கிறதே, என் ஆயுசில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை. நீங்கள் வேலைக்குப் போனீர்கள், வந்தீர்கள், சாப்பிட்டீர்கள். எங்கள் வாயைப் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் எங்கேயோ தூரத்துக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். பாப்பா என்னிடம், அப்பாவுக்கு நம்ம மேல கோவமா என்று கேட்டாள்.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் நானே பெட்டியைத் திறந்து பனித் தட்டை எடுத்துச் சுற்ற விட்டேன். நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். நான் ஆள்காட்டி விரலைத் தட்டு சுற்றும் மேடையின் ஓரத்தில் லேசாக வைத்தேன். சத்தம் இழுபட்டு விழுந்தது. விரலைத் தளர்த்தினேன், ஏறியது. மறுபடி அழுத்தினேன். தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரலுக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியும். மெல்ல மெல்ல அந்தச் சத்தம் பழைய கனத்துக்கு இறங்கி வந்தது. நீங்கள் திரும்பினீர்கள். எழுந்து வந்து சத்தப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தீர்கள், கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு" என்றீர்கள். இறக்கினேன். "அங்கதான். அங்கயே நில்லும்மா."

அந்தப் பக்கம் முடிகிற வரைக்கும் அசையாமல் இருந்தேன். முதுகு பிய்ந்தது, விரல் நுனி சூடேறிக் காந்தியது. ஊசி உள்ளே போய் நின்றபோது உங்கள் கன்னம் நனைந்திருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் என் வேலை. பாகப்பிரிவினையில் அவர்கள் வீடு திரும்புகிற இடத்தில் மேளம் வேகம் எடுக்கும், அங்கே இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். எத்தனையோ மிஷின்களைப் பிரித்து மாட்டிய உங்களுக்கு இதற்கு ஒரு வழி பண்ணத் தெரியாதா? ஒரு ரப்பர் துண்டைக் கட்டிவிட்டால் ஆயிற்றே என்று ஒருநாள் அலுத்துக்கொண்டே கேட்டேன். "ரப்பருக்குப் பாட்டு தெரியாதே" என்றீர்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தட்டை இறக்கினால் உங்களுக்குக் கேட்கிறது. என் குரலை இறக்கினால்? இத்தனை வருஷமும் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்று நான் மேலே மேலே போய்க் கத்திக்கொண்டிருந்தேன். கத்தக் கத்த உங்களைவிட்டு விலகித்தான் போயிருக்கிறேன்.

மறுநாள் மேட்டில் கொழுந்து எடுக்கும்போது பழக ஆரம்பித்தேன். நெஞ்சுக்குள்ளிருந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக இழுத்து. செடிகளிடம் பேசினேன். எனக்கே என் குரல் கேட்கப் பயமாக இருந்தது. மண்டோர் என்னமோ பிடித்துக்கொண்டதாக நினைத்து, வேப்பிலை அடிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டார். சளி பிடித்திருக்கிறது என்று சமாளித்தேன். எத்தனை வாரம் அப்படிச் சளி பிடித்திருந்தது என்று அவரும் அப்புறம் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் நீங்கள் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு சுவிட்சைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அடுப்படியில் நின்றபடி, பழகி வைத்திருந்த அந்தக் குரலில், "சாப்பிட வாங்க" என்றேன்.

உங்கள் கை நின்றது. ஸ்க்ரூ உருண்டு ஓடியது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அத்தனை வருஷம் கழித்து, நான் கூப்பிட்டு நீங்கள் திரும்பியது அதுதான் முதல் தடவை. "கூப்பிட்டியா?" என்றீர்கள். ஆமாம் என்றேன், அதே குரலில். எழுந்து என் பக்கத்தில் வந்து, இன்னொரு தடவை சொல்லு என்றீர்கள். சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், கறி தீய்ந்து வாசம் வருகிற வரைக்கும்.

அதிலிருந்து கடைசி வரைக்கும் நாம் பேசிக்கொண்டிருந்தோம். உங்கள் வேலை முடிந்து லயத்தைவிட்டு இந்த ரிங்லெட்டுக்கு வந்தோம், தட்டு மிஷின் ஒருநாள் அடியோடு நின்றுபோனது, உங்களுக்கும் அதைப் பிரிக்கக் கை நடுங்கியது. தட்டு இல்லாமலே நமக்குப் பொழுது போனது. கடைசியாக ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் உங்கள் காதருகே குனிந்து கத்தினார்கள், நீங்கள் கண்ணைத் திறக்கவில்லை. நான் எப்போதும்போலப் பேசினேன். விரலை அசைத்தீர்கள்.

இப்போது எல்லாரும் என் குரலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போனில் புதியவர்கள் என்னை ஐயா என்கிறார்கள். பாசாரில் கீரை விற்கிற பெண், கொஞ்சம் சத்தமா சொல்லுங்கம்மா, ஒண்ணும் கேக்கல என்கிறாள். நேற்றிரவு சாப்பிடும்போது மகளும் அதையே ஆரம்பித்தாள். தொண்டை டாக்டரிடம் போகலாமா என்றாள். பிறகு, "அப்பாதான் இல்லையேம்மா. இனிமே யாருக்காகம்மா இப்படி இறக்கிப் பேசுறீங்க?" என்று கேட்டாள்.

அவள் போன பிறகு இன்று காலையில், வீட்டில் யாரும் இல்லாதபோது, என் பழைய குரலைத் தேடிப் பார்த்தேன். வந்தது, மெலிசாக, கீச்சென்று. ஏதோ சொன்னேன். நீங்கள் அன்றைக்குச் சொன்ன மாதிரி, வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்கவில்லை.